முகம் காந்துகிறதா? களிம்பைத் தொடாதீர்கள்!

"டாக்டர், காலையில அஞ்சரைக்குக் கிளம்பறேன். வெயிலே கிடையாது. அப்புறம் எப்படி முகம் இப்படித் திகுதிகுன்னு காந்துது?"

இந்தக் கேள்வியை ஊரப்பாக்கத்தில் இப்போது அடிக்கடி கேட்கிறேன். கேட்கிறவர்கள் எல்லாருமே உடம்பைப் பார்த்துக்கொள்கிறவர்கள். சர்க்கரைக்காக ஏரிக்கரையில் நடக்கிற பெரியவர், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் முன் வண்டலூர் பக்கம் ஓடிவிட்டு வருகிற அம்மா, ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகளோடு கோவளம் வரைக்கும் சைக்கிள் மிதிக்கிற ஐ.டி. தம்பி... நல்ல காரியம் செய்யப்போய் முகத்தைக் கெடுத்துக்கொண்டு வந்து நிற்கிறார்கள். அதாவது, முகத்தைக் காற்று கொஞ்சம்தான் கெடுத்திருக்கும். மிச்சத்தைக் கெடுத்தது அவர்கள் பையில் இருக்கும் டியூப். 'மெடிக்கல்ல குடுத்தாங்க சார், போட்டதும் சட்டுனு அடங்கிடுச்சு' என்பார்கள். அந்தச் 'சட்டுனு'தான் எனக்குக் கவலை.

அதற்கு வருகிறேன். முதலில் காற்று என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

நம் மேல்தோலின் கடைசி அடுக்கு, செங்கல் அடுக்கி நடுவே சாந்து பூசிய சுவர் மாதிரி. செங்கல் என்பது செத்துக் காய்ந்த செல்கள். சாந்து என்பது தோல் தானே சுரந்துகொள்ளும் கொழுப்பு. இந்தச் சுவர் உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே போகாமலும், வெளியே இருக்கும் தூசியையும் உப்பையும் உள்ளே வராமலும் காக்கிறது. தோலை ஒட்டி ஒரு மெல்லிய ஈரக்காற்றுப் போர்வையும் எப்போதும் இருக்கும். காற்று வேகமாக அடித்தால் அந்தப் போர்வையை அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. துணி காயப்போடும்போது பார்த்திருப்பீர்களே! வெயில் இல்லாவிட்டாலும் காற்று இருந்தால் போதும், வேட்டி காய்ந்துவிடும். முகமும் அப்படித்தான். ஈரம் போனதும் சாந்து வெடிக்கிறது. வெடிப்பு வழியாக வியர்வை உப்பு இறங்குகிறது. அதுதான் எரிச்சல், காந்தல். வெள்ளைக்காரர்களுக்குக் கன்னம் தக்காளி மாதிரி சிவக்கும். நம் நிறத்தில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. சாம்பல் பூத்த மாதிரி வெளிறும், கன்ன எலும்பு மேலும் மூக்கு நுனியிலும் கறுக்கும், சிரித்தால் தோலை இழுத்துப் பிடித்தது போல் இருக்கும். 'கறுத்துட்டேன் டாக்டர்' என்று மட்டும் சொல்வார்கள். காந்தலைக் கேட்டால்தான் சொல்வார்கள்.

நடக்கிறவருக்கும் சைக்கிள்காரருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. நடை மணிக்கு ஐந்தாறு கிலோமீட்டர். சைக்கிள் 20, 25. எதிர்க்காற்று 20 வேகத்தில் அடித்தால் சைக்கிள்காரர் முகத்தில் படுவது 40, 45. ஒரு மணி நேரம் டேபிள் ஃபேனை மூக்குக்கு முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தது போலத்தான்!

எந்தக் காற்று, எப்போது? நம் முன்னோர்கள் திசைக்கு ஒரு பெயர் வைத்தார்கள். கிழக்கே கொண்டல், மேற்கே கோடை, வடக்கே வாடை, தெற்கே தென்றல். வெறும் பெயர் என்று நினைக்காதீர்கள், வைத்தியனுக்கு இது கணக்கு. வண்டலூர்-கேளம்பாக்கம் சாலையையே எடுத்துக்கொள்ளுங்கள். கண்டிகை, மாம்பாக்கம், புதுப்பாக்கம் தாண்டி கேளம்பாக்கம், அங்கிருந்து கோவளம். பெரும்பாலும் கிழக்கும் தென்கிழக்குமாகப் போகிற பாதை. ஆனி, ஆடியில் மேற்குக் காற்று. போகும்போது முதுகில் தள்ளும், சும்மா பறக்கலாம். 'இன்னைக்கு என்ன ஸ்பீடு பாரு' என்று மகிழ்ந்துபோய்த் திரும்பும்போது அதே காற்று முகத்தில் அறையும். அது நிலத்தின் மேலேயே வந்த வறண்ட காற்று, தூசியும் சேர்ந்து வரும். மார்கழி, தையில் கதை மாறுகிறது. வாடையும் வடகிழக்குக் காற்றும் போகும்போதே இடது கன்னத்தைப் பிடிக்கும், கூடவே சூரியன் நேர் எதிரே எழும்பும். முட்டுக்காடு பாலத்தில் ஏறினால் மறைப்பே கிடையாது, கடல் உப்பும் சேர்ந்துகொள்ளும். ஆக, ஆடியில் திரும்பும் வழியிலும் தையில் போகும் வழியிலும் முகத்தை மூடிக்கொண்டால் பாதிப் பிரச்னை தீரும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சவுக்குத் தோப்பு இருக்கிற பக்கமாகப் போனால் இன்னும் நல்லது. சவுக்கு காற்றுக்குத் தடுப்பு என்று தெரிந்துதான் கடற்கரை ஓரமெல்லாம் நட்டார்கள்.

இன்னொரு விஷயம். 'வெயிலே இல்லை' என்கிறார்களே, அது முழு உண்மை இல்லை. கிளம்பும்போது இல்லை, திரும்பும்போது இருக்கிறது! ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் பார்ட்டி கோவளத்தில் டீ குடித்து, போட்டோ எடுத்து, வீடு திரும்ப ஒன்பதாகிவிடும். காற்று முகத்தைக் குளிர வைப்பதால் வெயில் சுடுவது தெரியாது. சுடாமல் சுடுகிற வெயில் அது. காற்றடித்துக் காந்துகிறது என்று நாம் நினைப்பதில் பெரிய பங்கு வெயிலுடையதே என்று சொல்கிற தோல் மருத்துவர்கள் உண்டு. நான் அவர்கள் கட்சி. எண்ணெயை மட்டும் தடவிக்கொண்டு வெயிலில் போகாதீர்கள். தேங்காய் எண்ணெய் வெயிலைத் தடுக்கும் என்று ஒரு பேச்சு சுற்றுகிறது. சொல்லிக்கொள்ளும் அளவுக்குத் தடுக்காது. இதை ஒரு சித்த மருத்துவனே சொல்கிறேன், நம்புங்கள்.

சரி, கிளம்புமுன் என்ன செய்வது?

காலையில் எழுந்ததும் சோப்புப் போட்டு முகம் கழுவுவதை விட்டுவிடுங்கள். இதைச் சொன்னால் பாதிப்பேர் முகத்தைச் சுளிக்கிறார்கள். ராத்திரி முழுக்கத் தோல் பாடுபட்டு ஒரு மெல்லிய எண்ணெய்ப் பூச்சைத் தயார் பண்ணி வைத்திருக்கிறது. நீங்கள் அதைச் சோப்பால் வழித்தெடுத்துவிட்டுக் காற்றில் போய் நிற்கிறீர்கள். சாதாரண சோப்பு காரத்தன்மை உள்ளது. நம் தோலோ இயல்பில் லேசான புளிப்பு. வெறும் தண்ணீரில் முகம் அலம்பி, துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம்.

அப்புறம் எண்ணெய். வெளிச்சம் வருமுன் வீடு திரும்பிவிடுகிற நடைக்காரர்களுக்குச் செக்குத் தேங்காய் எண்ணெய் நாலைந்து சொட்டு போதும். உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து, இரண்டு கன்னம், மூக்கு, காது மடல், உதடு என்று ஒற்றிக்கொள்ளுங்கள். பளபளவென்று வழிய வேண்டாம், வழிந்தால் தூசிதான் அப்பும். பாட்டி வைத்தியம் என்று சிரிக்கிறவர்களுக்கு ஒரு தகவல்: 2004-ல் பிலிப்பைன்ஸ் நாட்டு மருத்துவர்கள் வறண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெயையும் மினரல் ஆயிலையும் ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டும் சமமாக வேலை செய்வதாக எழுதினார்கள். அதே சமயம், ஆலிவ் எண்ணெய் என்று காசைக் கொட்டுகிறவர்களுக்கும் ஒரு தகவல்: 2013-ல் வெளியான இங்கிலாந்து ஆய்வு ஒன்றில், ஆலிவ் எண்ணெய் தோலின் மேலடுக்கைப் பலவீனப்படுத்துவதும், சூரியகாந்தி எண்ணெய் அப்படிச் செய்யாமல் ஈரத்தைக் கூட்டுவதும் தெரியவந்தது. வீட்டில் வடை சுடுகிற எண்ணெய் ஜெயித்துவிட்டது!

முகப்பரு உள்ளவர்கள், மூக்கோரம் புருவம் எல்லாம் பொடுகு மாதிரிச் செதில் உதிர்கிறவர்கள் இந்த எண்ணெய் விஷயத்தில் சேராதீர்கள். உங்களுக்கு எண்ணெய் நோயைக் கூட்டும். பசையில்லாத லேசான மாய்ஸ்சரைசர் லோஷன் போதும்.

எட்டு மணிக்கு மேல் வெளியே இருப்பீர்கள் என்றால் சன்ஸ்கிரீன் கட்டாயம். எஸ்.பி.எஃப். 30, கிரீம் வகை. எண்ணெய்க்கு மேல் பூசினால் அது வழுக்கிக்கொண்டு ஓடும், அதனால் அன்றைக்கு எண்ணெயை உதட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வியர்வையில் கரைந்துவிடும் என்பதால் திரும்பும் முன், அந்த டீக்கடையிலேயே, இன்னொரு தரம் பூசுங்கள். ஆண்கள் 'இதெல்லாம் பொம்பளைங்க சமாசாரம்' என்று வெட்கப்படுகிறார்கள். வெயிலுக்கு ஆண் பெண் தெரியாது.

ஆண்களுக்கு இன்னொன்றும் உண்டு. ஷேவ் செய்துவிட்டு ஓடப் போகாதீர்கள். பிளேடு முடியோடு சேர்த்து மேல்தோலையும் ஒரு சுற்று வழிக்கிறது. அதன்மேல் ஆஃப்டர் ஷேவ், இல்லாவிட்டால் படிகாரக் கல். அதற்கு மேல் வாடைக் காற்று. பாவம் அந்தக் கன்னம் என்ன செய்யும்? ஷேவிங் முதல் நாள் ராத்திரி, இல்லையென்றால் வந்து ஆற அமர.

எல்லாவற்றையும் விட மலிவான மருந்து துணி. மெல்லிய பருத்தித் துணி, சுடிதார் துப்பட்டாவானாலும் சரி, சைக்கிள்காரர்கள் கழுத்தில் மாட்டுகிற குழாய்த் துணியானாலும் சரி. மூக்குக்கு மேல் வரை ஏற்றிக்கொள்ளுங்கள். நனைந்து போனால் மாற்றுங்கள். ஈரத் துணி உரசினால் அதுவே புண்ணாக்கும். தினமும் துவைக்க வேண்டும், மழைக்காலத்தில் துவைக்காத துணியால் தேமலும் படர்தாமரையும் முகத்துக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கோவளம், நெம்மேலி, தேவனேரிக் குப்பங்களில் கடலுக்குப் போகிறவர்களைக் காட்டி, 'அவங்க என்ன க்ரீமா போடறாங்க, நல்லாத்தானே இருக்காங்க' என்பார்கள் சிலர். கிட்டே போய்ப் பாருங்கள். தலையில் துண்டு இல்லாமல் கட்டுமரமோ ஃபைபர் படகோ ஏறுகிறவர் குறைவு. அப்படியும் பல வருஷம் காற்றிலும் வெயிலிலும் கிடந்ததில் கீழ் உதடு வெடித்து வெளிறிப்போகிறது, கண்ணில் வெள்ளைவிழி ஓரத்திலிருந்து கருவிழியை நோக்கிச் சதை வளர்கிறது. வெயில், காற்று, தூசி மூன்றும் சேர்ந்து கொடுக்கிற பரிசு அது. ஆகவே சைக்கிள் ஓட்டுகிறவர்களும் அலைச்சறுக்கு விளையாடுகிற பிள்ளைகளும் கண்ணுக்குக் கண்ணாடி, உதட்டுக்கு எண்ணெய் இரண்டையும் மறக்கக்கூடாது. சறுக்குப் பலகையோடு தண்ணீருக்குள் கண்ணாடி போட முடியாதுதான். கரைக்கு வந்ததும் போடலாமே. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்தில் நடந்த பிறகு இந்தப் பக்கத்துச் சிறுவர்கள் நிறையப் பேர் கடலில் நிற்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

உதட்டை நாக்கால் நனைத்துக்கொள்ளும் பழக்கம் வேண்டாம். எச்சில் காயும்போது இருந்த ஈரத்தையும் கூட்டிக்கொண்டு போகும். ராத்திரி படுக்கும்போது கொஞ்சம் பசு வெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், ரெண்டு நாளில் வெடிப்பு மூடும்.

லடாக், கேதார்நாத் என்று டூர் போகிறவர்களுக்கு மட்டும் இடையில் ஒரு வார்த்தை. அங்கே அடிக்கிற காற்றுக்கும் நம் மார்கழிக் காற்றுக்கும் சம்பந்தமே கிடையாது. எண்ணெயும் வாசலினும் தோல் வறள்வதைத் தடுக்கும், குளிரைத் தடுக்காது. பின்லாந்தில் ராணுவப் பயிற்சியில் இருந்த இளைஞர்களை ஆராய்ந்தபோது, முகத்தில் பாதுகாப்புக் களிம்பு பூசியிருந்தவர்களிடம் பனிக்கடி அதிகமாக இருந்ததாக 1995-ல் எழுதினார்கள். பூசியிருக்கிறோமே என்ற தைரியத்தில் மூடாமல் விட்டார்களோ என்னவோ! அங்கே கம்பளித் துணியால் மூடுவதுதான் வைத்தியம்.

வீடு திரும்பியாகிவிட்டது. வியர்வை அடங்கப் பத்து நிமிஷம் விடுங்கள். பிறகு பானைத் தண்ணீரால் முகத்தை அலம்பி, உப்பையும் தூசியையும் போக்கிவிட்டு, ஈரம் முழுக்கக் காயுமுன் எண்ணெயோ லோஷனோ ஒற்றிக்கொள்ளுங்கள். ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரமாக வந்தவர்களுக்குத் தண்ணீர் மட்டும் போதாது, கருப்பாக அழுக்கு வரும். 2023 கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்ததிலிருந்து அந்தப் பக்கம் விடிகாலையிலேயே வண்டிகள் ஓய்வதில்லை. நைஸாக அரைத்துச் சலித்த பயத்த மாவைக் கூழாகக் கரைத்துப் பூசி அலம்பலாம். கரகரவென்று தேய்த்தால் பயத்த மாவும் உப்புத்தாளும் ஒன்றுதான். முகம் காந்திக்கொண்டிருக்கிற அன்றைக்கு அதுவும் வேண்டாம்.

வாரத்தில் இரண்டு நாள் நல்லெண்ணெய் முழுக்கு. நாலு நாளைக்கு ஒரு தரம் என்பது தேரையர் 'பிணியணுகா விதி'யில் சொன்ன கணக்கு. தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று என்று நாம் குறைத்துக்கொண்டோம். வாதத்தின் குணம் வறட்சி, அதற்கு எதிர் நெய்ப்பு என்பது எங்களுக்கு முதல் வருஷத்தில் சொல்லித்தருகிற பாடம். எண்ணெய் முழுக்கன்று ஓட்டமும் வெயிலும் கூடாது, அந்த நாள் லீவு விடுங்கள்.

சமையலறையில் இருப்பதையெல்லாம் முகத்தில் அப்புகிறவர்கள்மேல் எனக்குக் கோபமே வரும். எலுமிச்சம்பழம் முகத்துக்கு ஆகாது. அதன் சாறு பட்ட இடத்தில் வெயில் பட்டால் கொப்புளம் கூட வரும், வந்தால் மாதக்கணக்கில் கறுப்பு போகாது. சமையல் சோடா, பற்பசை, தக்காளி, ஐஸ் கட்டி இவையும் வேண்டாம். காந்துகிற முகத்துக்குச் சோற்றுக்கற்றாழையின் உள் சதையை, மஞ்சள் பால் போக நாலைந்து முறை கழுவிவிட்டு, மெல்லிசாகப் பூசலாம். அதுவும் முதலில் முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டு. அவ்வளவுதான் வைத்தியம். மூன்று நாலு நாளில் தோல் தானே சுவரைக் கட்டிக்கொள்ளும்.

இந்த மூன்று நாலு நாள் பொறுமைதான் நம்மிடம் இல்லை. இங்கேதான் அந்த டியூப் வருகிறது.

பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன். டியூபின் பின்பக்கம் பொடி எழுத்தில் இந்தப் பெயர்களைத் தேடுங்கள். இவை எல்லாம் ஸ்டீராய்டு. கரப்பானுக்கும் காளாஞ்சகப்படைக்கும் தோல் மருத்துவர் கணக்குப் பார்த்துக் கொடுத்தால் அருமையான மருந்துகள், அதில் எனக்கு மறுப்பே இல்லை. காற்றில் காந்திய முகத்துக்கு நாமே வாங்கிப் பூசினால் ஒரே ராத்திரியில் சிவப்பும் எரிச்சலும் அடங்கும், முகம் கொஞ்சம் வெளுத்தாற்போலவும் இருக்கும். 'ஆஹா' என்று தொடர்கிறோம். மாதக் கணக்கில் பூசினால் தோல் வெங்காயச் சருகு போல மெலிகிறது. நுண்ணிய ரத்தக் குழாய்கள் சிலந்தி வலையாகத் தெரிகின்றன. பரு கிளம்புகிறது, பெண்களுக்கு மீசை தாடி இடங்களில் முடி வளர்கிறது. நிறுத்தினாலோ முன்பைவிடப் பத்து மடங்கு காந்தல்! அப்புறம் ஆடிக் காற்று தேவையில்லை, ஃபேன் காற்றே சுடும். அடுப்பு முன் நிற்க முடியாது. சுவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு சுவரையே இடித்த கதை.

எங்கோ ஒருவருக்கு நடப்பது என்று தள்ளிவிடாதீர்கள். நாட்டின் பல ஊர்த் தோல் மருத்துவமனைகளில் முகத்தில் தோல் பிரச்னை என்று வந்த 2,926 பேரை விசாரித்ததில் 433 பேர் முகத்துக்கு ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள் என்று 2011-ல் வந்த ஆய்வு சொல்கிறது. கிட்டத்தட்ட ஏழு பேரில் ஒருவர். 2018-ல் மத்திய அரசு இப்படிப்பட்ட 14 களிம்பு மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அட்டவணை மாற்றியது. சட்டம் இருக்கிறது. ஆனால் 'முகத்துக்கு ஏதாச்சும் குடுங்கண்ணே' என்று நாம் கேட்கிற வரைக்கும் கவுன்ட்டருக்கு மேல் டியூப் வந்துகொண்டுதான் இருக்கும்.

'நான் மூலிகை க்ரீம்தான் சார் போடறேன்' என்கிறவர்களிடம் எனக்கு இன்னும் பயம். லேபிளில் மருந்துகளின் பெயர், தயாரிப்பு உரிம எண், தொகுதி எண் எதுவும் இல்லாமல் வெறும் இலைப் படம் போட்டு விற்பதை எங்கள் மருத்துவத்தோடு சேர்க்காதீர்கள். கேரளத்தில் மலப்புரம் மாவட்டத்தில் சிவப்பழகு க்ரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகத்தில் புரதம் ஒழுகும் நோய் வந்து, க்ரீமில் இருந்த பாதரசத்தின் மேல் சந்தேகம் விழுந்தது 2023-ல் பெரிய செய்தியானது. காற்றில் கறுத்த முகம் ஒரு மாதத்தில் தன் நிறத்துக்கு வரும். சிறுநீரகம் அப்படித் திரும்பி வரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

ஒரு வாரம் காற்றுக்கே போகாமல் இருந்தும் கன்னத்துச் சிவப்பு இறங்கவில்லையா? மூக்குப் பாலத்தின் மேலாக இரண்டு கன்னத்திலும் வண்ணத்துப்பூச்சி இறக்கை மாதிரிப் படர்ந்து, மூட்டு வலியோ காய்ச்சலோ கூட இருக்கிறதா? அது காற்று விஷயம் இல்லை, ரத்தப் பரிசோதனை தேவைப்படலாம். வட்டமாக, ஓரம் தடித்து, அரித்தால் படர்தாமரை. பருவுக்கு டாக்ஸிசைக்ளின், ரத்த அழுத்தத்துக்குத் தயசைடு வகை நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் வெயில் சீக்கிரம் சுடும். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள், எழுதிக்கொடுத்த டாக்டரிடம் சொல்லி, நடக்கிற நேரத்தை முன்னால் தள்ளுங்கள். எங்கள் மருந்திலும் இது உண்டு. வெண்புள்ளிக்குக் கார்போக அரிசி சேர்ந்த தைலம் பூசுகிறவர்கள் அதோடு காலை நடைக்குப் போனால் கொப்புளித்துவிடும். எவ்வளவு நேரம் வெயில் என்பது மருத்துவர் சொல்லும் கணக்கு.

ஏற்கெனவே மாதக்கணக்கில் அந்த டியூபைப் பூசிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றைக்கே தூக்கி எறிந்துவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் முகம் வீங்கிக் கொதிக்கும், பயந்துபோய் மறுபடி அதையே வாங்குவீர்கள். டியூபை அட்டைப்பெட்டியோடு எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே தோல் பிரிவு இருக்கிறது. எத்தனை மாதமாக, ஒரு நாளைக்கு எத்தனை தரம், யார் சொல்லிப் பூசினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். படிப்படியாகக் குறைக்க அவருக்கு அந்தக் கணக்கு வேண்டும்.